மார்கன் சிட்டியிலிருந்து மகனுக்கு

மார்கன் சிட்டி, லூசியானா
ஆகஸ்ட் 1986

அன்பு மகனுக்கு,

ஞாயிறானால் அம்மா போன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறாள். ஹூஸ்டனில் உனக்கு வேலை அதிகம் என்று நான்தான் சமாளிக்கிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். வெள்ளை இறால் சீசன் வந்துவிட்டது. மாமாவின் படகு மோட்டார் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. டிரக்கை மட்டும் விற்றுவிடாதே.

போன நவம்பரில் எண்ணெய் பீப்பாய் 30 டாலருக்கு மேல் போனது, இந்தக் கோடையில் 10 டாலருக்கு வந்து நின்றது. ஆற்றோரம் எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்குகளைச் சும்மா கட்டிப்போட்டிருக்கிறார்கள். உன்னோடு படித்த பையன்கள் பலர் வீட்டில்தான் இருக்கிறார்கள். யாரும் அவர்களை ஒரு சொல் சொல்லவில்லை. சும்மா எழுதினேன்.

1947-ல் கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் கெர்-மெக்கீ கம்பெனி எண்ணெய் எடுத்ததும் நானும் இறால் பிடிப்பதை விட்டுவிட்டுக் கடலில் ரிக் வேலைக்குப் போனேன். போரில் நார்மண்டிக் கரையில் என்னை இறக்கிவிட்டது போன்ற எல்.எஸ்.டி. கப்பல்தான் அங்கேயும், டாங்கிகளைக் கரையிறக்கும் கப்பல். போர் முடிந்து கழித்துவிட்டதை வாங்கி, ரிக் பக்கத்தில் நிறுத்தி, குழாயும் துளையில் விடும் சேறும் எங்கள் படுக்கையும் அதிலேயே வைத்திருந்தார்கள். படுத்தால் அதே டீசல் நாற்றம். சின்ன வயதில், வீட்டில் பேசும் பிரெஞ்சைப் பள்ளியில் பேசியதற்கு முட்டி போட வைத்தார்கள். பிரான்சில் அதே பிரெஞ்சுக்காக லெப்டினன்ட் என்னை விட்டு நகரவில்லை. ரிக்கில் டெக்சாஸ்காரர்களுக்கு மறுபடி நான் சதுப்புக்காட்டு ஆள். அப்படியும் டிரில்லர் ஆனேன், துளை போடும் குழுவுக்கே தலைவன்.

குழாயை முடுக்கச் சங்கிலியை வீசிச் சுற்றுவோம். இழுக்கும்போது விரல் நடுவில் இருந்தால் போச்சு. என் இடது கையைப் பார்த்து வளர்ந்தவன் நீ. பத்து விரலும் முழுசாக டிரில்லர் ஆனாயே, அதை இங்கே சொல்லாத ஆளில்லை. அப்பேர்ப்பட்டவனுக்கு ஒரு போன் பண்ண முடியவில்லையா?

ஐம்பதுகளின் கடைசியிலும் கடல் வேலை படுத்தது. நீ கைக்குழந்தை. கரும்பு ஆலைக்குப் போனேன். அரவை முடியும்வரை சட்டையெல்லாம் பாகு. அம்மா ஒன்றும் கேட்கவில்லை, துவைத்துப் போட்டாள்.

டிரக்குக்குத் தவணை பாக்கி இருந்தால் எழுது, விற்காதே. புதிதாகக் கடன் பத்திரம் எதிலும் கையெழுத்துப் போடாதே. செப்டம்பர் முதல் திங்களை ஒட்டிய தொழிலாளர் தின விடுமுறையில் இங்கே இறால்-பெட்ரோலியத் திருவிழா. படகுகளுக்குப் பாதிரியார் ஆசி கொடுக்கும் நாளில் மாமா படகில் ஓர் ஆள் குறைகிறது. திங்களோடு திரும்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. உன் அறையில் கிடந்த வலைகளை எடுத்துவிட்டேன்.

பெட்ரோலுக்கு 40 டாலர் வைத்திருக்கிறேன். அம்மாவிடம் சொல்லாதே. அவளும் தனியாக ஏதோ அனுப்பியிருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

அப்பா