அந்த பிபிடியை எங்களிடம் கொடுங்கள்: காரைக்குடி வட்டாரப் பேராசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். காரைக்குடியில் முதுகலை வேதியியல் படிக்கும் மாணவி நான். நீங்கள் வகுப்பில் நடத்தும் பாடங்களை இணையத்தில் எல்லாருக்கும் கிடைக்கும்படி செய்ய வேண்டும், அந்த வேலையில் மாணவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல். ஸ்டூடியோ வேண்டாம், கேமராமேன் வேண்டாம், தனி நிதி ஒதுக்கீடும் இப்போதைக்கு வேண்டாம். உங்கள் பிபிடி (பவர்பாயிண்ட் ஸ்லைடுகள்), கைக்குறிப்பு, சம்மதம் மூன்றும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

உங்கள் பாடம் இப்போதும் வெளியே போய்க்கொண்டுதான் இருக்கிறது. போகிற கோலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் செமஸ்டர் நெருங்கும்போது கல்லூரி வாசல் செராக்ஸ் கடைக்கு வாருங்கள். என்றோ படித்து முடித்துப் போன சீனியர் எழுதிய நோட்ஸ், நகலுக்கு நகலெடுத்து, ஸ்பைரல் பைண்டிங்கில் அடுக்கிக் கிடக்கும். மின்வேதியியலில், மின்முனையில் வினை நடக்கும் வேகத்தைக் காட்டும் டாஃபெல் கோடு வரும் பக்கத்தைத் திருப்பினால், எந்த அச்சில் மின்னழுத்தம், எந்த அச்சில் மின்னோட்ட அடர்த்தியின் மடக்கை என்று எழுதியிருந்த இடம் வெறும் கறுப்புத் திட்டு. பிள்ளைகள் கோட்டை மட்டும் மனப்பாடம் செய்து, அச்சுக்குப் பெயர் போடாமல் பரீட்சையில் வரைந்துவிட்டு வருகிறார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் வரும் பிடிஎஃப் இன்னும் மோசம். போனில் சாய்வாக எடுத்த படம், ஓரத்தில் யாருடைய பெருவிரலோ. அதே கோட்டை நீங்கள் போர்டில் வரைந்தபோது பளிச்சென்று புரிந்தது என்று வகுப்பில் இருந்தவர்கள் சொல்கிறார்கள். அன்று வராதவர்களுக்கு வாய்த்தது அந்தப் பெருவிரல்தான்.

பாடங்களைத் திறந்துவிடுவது புது யோசனை இல்லை. அமெரிக்காவின் எம்ஐடி தன் பாடங்களை இலவசமாக இணையத்தில் போடப்போவதாக 2001-இல் அறிவித்து, அடுத்த ஆண்டே 50 பாடங்களைப் போட்டது. 2007-க்குள் கிட்டத்தட்ட எல்லாப் பாடங்களும் வந்துவிட்டன, சுமார் 1,800. ஆனால் அதற்கென்று தனி ஊழியர்களும் பெரிய நன்கொடைகளும் அவர்களிடம் இருந்தன. நமக்கு ஒத்துவருவது மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் வழி. டிஸ்கிரைப் என்ற பெயரில் அங்கே மாணவர்களையே இந்த வேலைக்கு வைத்தார்கள். பேராசிரியர் சம்மதம் சொல்லி, கோப்புகளைக் கொடுத்து, கடைசியில் ஒருமுறை சரிபார்த்தால் போதும். நடுவில் உள்ள உழைப்பெல்லாம் மாணவர்களுடையது.

அந்த நடுவேலை என்ன என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பெரும்பாலான பிபிடிகளில் வெளிநாட்டுப் பாடநூல்களின் படங்கள் இருக்கும், கூகுளில் எடுத்த படங்களும் இருக்கும். வகுப்பில் காட்டுவதற்குத் தடையில்லை. கற்பிக்கும்போது ஆசிரியரோ மாணவரோ நகலெடுத்தால் அது மீறல் ஆகாது என்று 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது. டில்லிப் பல்கலைக்கழக வளாக செராக்ஸ் கடை வழக்கில் 2016-இல் உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவை வைத்துத்தான் பதிப்பகங்களின் வாதத்தைத் தள்ளியது. ஆனால் அதே படத்தை உலகமே பார்க்க இணையத்தில் ஏற்றுவது வேறு கதை. அதனால் ஒவ்வொரு ஸ்லைடாக உட்கார்ந்து, எந்தப் படம் யாருடையது, வைத்துக்கொள்வதா, மாற்றுவதா, எடுத்துவிடுவதா என்று முடிவு செய்ய வேண்டும். அலுப்பான வேலைதான், ஒப்புக்கொள்கிறேன். அலுப்பானது என்பதாலேயே உங்களால் செய்ய முடியவில்லை. இன்டர்னல் மதிப்பெண் ஏற்றுவது, கல்லூரித் தரமதிப்பீட்டுக்கு நாக் (NAAC) கோப்பு தயாரிப்பது, விடைத்தாள் திருத்துவது என்று உங்கள் பொழுது போகிற விதம் எங்களுக்குத் தெரியாதா?

எங்களுக்கோ அதுவே படிப்பு. மின் இரட்டை அடுக்கின் படம் ஒரு பாடநூலிலிருந்து வந்தது என்று வையுங்கள். அயனிகள் மின்முனைக்கு அருகே எப்படி அணிவகுக்கின்றன என்ற அறிவியல் யாருக்கும் சொந்தமில்லை. அந்தப் பதிப்பகம் வரைந்த படம்தான் அவர்களுக்குச் சொந்தம். நாங்கள் இங்க்ஸ்கேப் என்ற படம் வரையும் மென்பொருளில் புதிதாக வரைந்துவிடலாம். வரைய உட்காரும்போதுதான் மின்முனையை ஒட்டிய உள் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தளம் எங்கே முடிகிறது, கரைப்பான் மூலக்கூறு எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்ற கேள்வியெல்லாம் வரும். உங்கள் அறைக்கு வந்து கேட்போம். பத்து மதிப்பெண் கேள்விக்குப் படித்தால் அந்தச் சந்தேகம் வரவே வராது.

இன்னொன்று தமிழ். ஸ்லைடு ஆங்கிலத்தில் இருக்கும், நீங்கள் அதை விளக்குவது தமிழில். கல்லலிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் தமிழ்வழியில் படித்து வந்த எங்களைப் போன்றவர்களுக்குப் பாடம் ஏறுவது அந்த விளக்கத்தில்தான். ஐஐடிகளின் இணையப் பாடத் திட்டமான என்பிடெல் 2003-இலேயே தொடங்கிவிட்டது. அங்கே இல்லாத பாடமில்லை. ஆனால் "இரும்பு ஏன்யா துருப்பிடிக்குது? பாம்பன் பாலத்தைப் போய்ப் பாரு, மண்டபத்துல சிக்ரிக்காரங்க அரிமானத்துக்குன்னே ஆய்வு நிலையம் வச்சிருக்காங்க" என்று நம் ஊர் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரியைச் சொல்லித் தொடங்கும் வகுப்பு எந்த ஐஐடி வீடியோவில் கிடைக்கும்? அதை போனிலேயே பதிவு செய்து, ஒலியைச் சீர்செய்து, ஸ்லைடுக்குக் கீழே எழுத்தாகவும் கொடுத்துவிட எங்களால் முடியும்.

உங்கள் தயக்கங்களும் காதில் விழாமல் இல்லை. பாடத்தில் பிழை இருந்தால் ஊரே பார்க்குமே என்பது ஒன்று. இப்போது செராக்ஸில் சுற்றும் பிழைகள் உங்கள் பெயரில்தான் சுற்றுகின்றன, அவற்றைத் திருத்தத்தான் வழியில்லை. எல்லாம் இணையத்தில் கிடைத்தால் வகுப்புக்கு யார் வருவார்கள் என்பது இன்னொன்று. அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் என்ற கட்டுப்பாடு இருக்கும்வரை வருவார்கள் ஐயா! விளையாட்டுக்குச் சொன்னேன். அதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. சிலர் வராமல் போகலாம். ஆனால் வேலைக்குப் போய்க்கொண்டே தொலைநிலைக் கல்வியில் படிப்பவர்களும், கல்யாணம் ஆகிப் படிப்பை நிறுத்திய அக்காக்களும் வகுப்பறைக்கு எப்படியும் வரப்போவதில்லை. அவர்கள் கணக்கில் வர வேண்டாமா?

பாடக்குறிப்பு யாருக்குச் சொந்தம், ஆசிரியருக்கா நிறுவனத்துக்கா என்ற கேள்வி கொஞ்சம் சிக்கலானது. அதை நிர்வாகம் முதலிலேயே எழுத்தில் தெளிவுபடுத்திவிட வேண்டும். பிறர் எடுத்துப் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் போட்டால், எடுத்து ஆளுபவர் யாராக இருந்தாலும் உங்கள் பெயரைச் சொல்லியாக வேண்டும். விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நம் ஊர் விழா மேடைகளில் வள்ளல் அழகப்பர் சிக்ரிக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த கதையைச் சொல்லாமல் நன்றியுரை முடிவதில்லை. சொல்லட்டும், பெருமைதான். அவர் பிறந்த அதே கோட்டையூரில் ரோஜா முத்தையா என்றொருவர் இருந்தார். பழைய தமிழ்ப் புத்தகம், இதழ், நாடக நோட்டீஸ் என்று மற்றவர்கள் எடைக்குப் போட்டதையெல்லாம் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1992-இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் முன்வந்து, 1994-இல் சென்னையில் அந்தச் சேகரிப்பு நூலகமானது. ஒரு பேராசிரியர் ஓய்வு பெறும்போது முப்பது வருடக் கைக்குறிப்புகளுக்கு என்ன ஆகிறது என்று நினைத்துப் பார்க்கிறேன். எல்லாவற்றுக்கும் சிகாகோவிலிருந்து ஆள் வராது.

துறைத் தலைவர்களிடம் கேட்பது இது. அடுத்த செமஸ்டரில் துறைக்கு ஒரு தாள், அதாவது ஒரு பாடம், போதும். அந்தத் தாளை ஏற்கெனவே எழுதித் தேறிய இரண்டு மாணவர்களையும், இப்போது படிக்கும் ஒருவரையும் பேராசிரியருடன் சேர்த்துவிடுங்கள். எங்கே புரியாமல் போகிறது என்பது இப்போது படிப்பவருக்குத்தான் தெரியும். இந்த வேலையை மினி புராஜெக்டாகக் கணக்கில் எடுத்துக் கிரெடிட் கொடுங்கள். மத்திய அரசின் ஸ்வயம் இணையப் பாடங்களைப் பார்த்துத் தேறினால் ஒரு செமஸ்டரின் 40 சதவீதக் கிரெடிட் வரை ஏற்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியே 2021-இல் சொல்லிவிட்டது. பாடத்தைப் பார்ப்பவருக்கு உள்ள கிரெடிட், பாடத்தை உருவாக்குபவருக்கும் இருக்கட்டும். முதல் பக்கத்தில் உங்கள் பெயருக்குக் கீழே எங்கள் பெயரையும் போடுங்கள். வேலை தேடும்போது காட்ட எங்களுக்கு அது ஒன்றாவது இருக்கும்.

நீங்கள் பார்த்துச் சரி என்று சொல்லாமல் ஒரு ஸ்லைடுகூட வெளியே போகாது. எந்தத் தாள் என்று மட்டும் சொல்லுங்கள். பென்டிரைவோடு துறைக்கு நாங்களே வந்து வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
முதுகலை வேதியியல் மாணவி ஒருத்தி,
காரைக்குடி