இனி அது உன் ஊரும்தான்

அருமனை,
குமரி மாவட்டம்.

அன்புள்ள மகளுக்கு, அப்பா எழுதுவது.

ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகத் தங்குவதற்கான 186 விசா, அதாவது நீ சொல்லும் பி.ஆர்., உனக்குக் கிடைத்த சேதியை அம்மா தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஸ்தோத்திர காணிக்கையும் போட்டாள். பாஸ்போர்ட்டில் ஒட்ட ஒரு ஸ்டிக்கர்கூடத் தரமாட்டார்களா, எல்லாம் ஈமெயிலில்தானா என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். சந்தோஷம் மக்களே, ரொம்ப சந்தோஷம்.

ஆனால் அன்றைக்கு நீ போனில் ஒன்று சொன்னாய். "அப்பா, பி.ஆர். கிடைச்ச பெறவு ஒரு மாதிரி பயமா இருக்கு. ஊரை விட்டுட்டேன்னு கையெழுத்துப் போட்ட மாதிரி இருக்கு" என்றாய். அம்மா பக்கத்தில் நின்றதால் நான் ஒன்றும் பேசவில்லை. போனில் நீட்டிப் பேசவும் எனக்கு வராது. அதனால்தான் எழுதுகிறேன். பைய, இரவு டூட்டி இல்லாத நாளில் படி.

நான் கல்ஃபுக்குப் போன காலத்துக் கதையை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. முதலில் குவைத். 1990 ஆகஸ்ட் 2-ம் தேதி ஈராக் பட்டாளம் உள்ளே வந்தது. அதுவரை நாங்கள் பத்திரமாக வைத்திருந்த இக்காமா என்கிற தங்கும் அனுமதி அட்டை, கம்பெனி கார்டு, பேங்க் புத்தகம் எல்லாம் ஒரே காலையில் வெறும் காகிதமாயிற்று. சம்பளம் வரவேண்டியவர்களுக்கு வரவில்லை. பாக்தாத் வழியாகப் பஸ்ஸில் பாலைவனம் தாண்டி ஜோர்டான் எல்லையில் கூடாரத்தில் கிடந்து, அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானத்தில் வந்து சேர்ந்தோம். அன்றைக்கு அப்படி 1,70,000-க்கு மேற்பட்ட இந்தியர்களைக் கொண்டு வந்தார்கள். அந்த நாட்டில் பத்து, இருபது வருஷம் வேலை பார்த்தவர்களும் அதில் உண்டு. அவர்கள் கையில் இருந்ததும் என் கையில் இருந்ததும் ஒரே ஒரு துணிப்பைதான்.

அதற்குப் பிறகு சவூதி. தம்மாமில் இருந்தபோதுதான் நீ பிறந்தாய். அன்றைக்கு அங்கே கபீல், அதாவது நம்மை வேலைக்கு எடுத்த முதலாளி, கையெழுத்துப் போட்டால்தான் இக்காமாவைப் புதுப்பிக்க முடியும், லீவுக்கு ஊருக்கு வரவும் அவர் சம்மதம் வேண்டியிருந்தது. போய்த் திரும்புவதற்கான எக்ஸிட் ரீ-என்ட்ரி அனுமதி அடிக்காமல் விமானம் ஏற முடியாது. உன் தாத்தா இறந்த சேதி வந்தபோது என் பாஸ்போர்ட் கம்பெனி அலமாரிக்குள் இருந்தது. கையெழுத்துப் போட வேண்டியவர் வெளியூர் போயிருந்தார். நான் வீட்டு முற்றத்துக்கு வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து பந்தலையும் பிரித்திருந்தார்கள். எத்தனை வருஷம் உழைத்தாலும், அங்கேயே பிள்ளை பிறந்தாலும், வேலை முடிந்தால் ஃபைனல் எக்ஸிட் அடித்து அனுப்பிவிடுவார்கள். வேறு வழி அன்றைய சட்டத்தில் எங்களுக்கு இல்லை. அதனால் அறையில் ஒரு நல்ல பாய்கூட வாங்காமல் இருந்தோம். பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு எடுத்த விளையில் மரச்சீனி நடுவார்கள், வாழை வைப்பார்கள். பலா வைக்கிறவன் உண்டா?

உன் நிலைமை அது இல்லை. அதைத்தான் நான் உனக்குச் சொல்ல வேண்டும். நீ அங்கே பலா வைக்கலாம்.

482 என்கிற தற்காலிக வேலை விசாவில் இருந்தபோது நீ எவ்வளவு பயந்து வேலை பார்த்தாய் என்று எனக்குத் தெரியும். ஸ்பான்சர் செய்த இடத்தைவிட்டு விலகினால் வேறு ஸ்பான்சர் தேட முன்பு 60 நாள்தான் இருந்தது, 2024 ஜூலையிலிருந்து 180 நாளாக்கினார்கள் என்று நீதான் சொன்னாய். 180 நாளானாலும் தலைக்குமேல் கத்தி கத்திதானே. ரோஸ்டரில் தொடர்ந்து நைட் போட்டாலும் வாய் திறக்கமாட்டாய். "இருக்கட்டும்பா, பி.ஆர். வரட்டும்" என்பாய். இப்போது வந்துவிட்டது. இனி பெண்டிகோவில் அந்த ஆஸ்பத்திரி பிடிக்கவில்லையென்றால் மெல்பர்னுக்கோ அடிலெய்டுக்கோ போகலாம். ஐ.சி.யு. மேற்படிப்பு படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாயே, இனி அங்கத்திய பிள்ளைகளுக்கு உள்ள ஃபீஸிலேயே இடம் கேட்கலாம். அரசாங்கக் கல்விக் கடன் மட்டும் குடிமக்கள் ஆனபிறகுதான் என்கிறார்கள். வேலை போனால் கொடுக்கிற உதவித் தொகைக்கும் நான்கு வருஷம் காத்திருக்க வேண்டும். அதனால் கையில் ஆறு மாதச் செலவுக்கான பணத்தை எப்போதும் தனியாக வைத்துக்கொள். மற்றபடி ஒருவர் முகத்தைப் பார்த்து நடுங்கி வேலை பார்க்கிற அவசியம் உனக்கு இனி இல்லை. தப்பு நடந்தால் தப்பு என்று சொல். யூனியனில் சேர்.

வீடு விஷயத்துக்கு வருகிறேன். நம்ம ரோட்டில் மேற்பக்கம் புதிதாகக் கட்டிய இரண்டு மாடி வீட்டைப் பார்த்துவிட்டு, நமக்கும் பழைய ஓட்டு வீட்டை இடித்து ஒன்று கட்டலாமே, பணம் அனுப்புகிறேன் என்று அண்ணனிடம் சொன்னாயாம். வேண்டாம். மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் வரை எந்த வழியில் போனாலும் அப்படிப்பட்ட வீடுகளைப் பார்க்கலாம். கிரானைட் தரை, இரும்பு கேட், உள்ளே ஆள் இல்லை. வருஷத்துக்கு ஒரு கிறிஸ்துமஸுக்கு வந்து ஒட்டடை அடித்து, பத்து நாள் படுத்துவிட்டுப் போவதற்கு ஆயுசின் சம்பாத்தியத்தைக் கொட்டுகிறார்கள். கல்ஃபில் இருந்த எங்களுக்கு அது தேவையாக இருந்தது. என்றைக்கானாலும் திரும்பித்தானே வரவேண்டும்? உனக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. நீயும் மருமகனும் அங்கே ஒரு சின்ன வீட்டுக்கு முன்பணம் சேருங்கள். எனக்கும் அம்மாவுக்கும் இந்த ஓட்டு வீடு தாராளம். மழைக்கு முன்னே ஓட்டைத் தாங்குகிற பட்டியல் மரம் இரண்டை மாற்றினால் போதும், அதை நானே பார்த்துக்கொள்கிறேன்.

நெய்யூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்த சாமர்வெல் டாக்டரைப் பற்றி உன் பாட்டி சொல்லிக் கேட்டிருப்பாய். 1922-ல் எவரெஸ்ட் ஏற வந்த இங்கிலாந்துக் குழுவில் இருந்தவர். மலையை விட்டு இறங்கி நாட்டைச் சுற்றிப் பார்க்க வந்தவர் நெய்யூரில் நோயாளிகள் நிற்கிற வரிசையைப் பார்த்தார். ஊரில் அவருக்கென்று காத்திருந்த வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிட்டார். 1924-ல் மறுபடியும் எவரெஸ்ட் போனார், திரும்பி வந்தது நெய்யூருக்குத்தான். இருபது வருஷத்துக்கு மேல் நம்ம ஜனத்தின் வயிற்றுப்புண்ணை அறுத்துக் குணமாக்கினார். அவரை யாரும் இங்கே வெளியூர்க்காரராக நினைத்ததில்லை, அவரும் அப்படி நடந்துகொள்ளவில்லை. பெண்டிகோவில் ஒரு கிழவியின் கையைப் பிடித்து நீ ஊசி போடும்போது அவளுக்கு நீ அதுதான். அவர்களுடைய பேச்சு, சாப்பாடு, கால்பந்து, அண்டைவீட்டுச் சாவு, கல்யாணம் எல்லாவற்றிலும் கலந்துகொள். தமிழ் ஆட்களோடு மட்டும் சுற்றிக்கொண்டிருக்காதே.

குடியுரிமை பற்றி மருமகன் யோசிக்கிறார் என்று சொன்னாய். மொத்தம் நான்கு வருஷம் முறையான விசாவில் அங்கே இருந்திருக்க வேண்டும், அதில் கடைசி ஒரு வருஷம் பி.ஆர். ஆக இருக்க வேண்டும். அந்த நான்கு வருஷத்தில் வெளிநாட்டில் கழித்த காலம் எல்லாம் சேர்த்து 12 மாதத்தைத் தாண்டக்கூடாது, கடைசி வருஷத்தில் 90 நாளைத் தாண்டக்கூடாது. இதை மனதில் வைத்து லீவு போடு. அதே சமயம் எனக்கோ அம்மாவுக்கோ ஏதாவது ஆகிவிட்டால் நாள் எண்ணிக்கொண்டிராதே, கிளம்பி வா. குடியுரிமை ஆறு மாதம் தள்ளிப் போகும், அவ்வளவுதான். சாதாரணக் காய்ச்சலுக்கு ஓடி வரவேண்டாம், அண்ணன் இருக்கிறான்.

இந்தியா இரட்டைக் குடியுரிமை ஒத்துக்கொள்ளாது. 1955-ம் வருஷச் சட்டத்தின் 9-ம் பிரிவுப்படி, நீயாக விரும்பி அந்த நாட்டுக் குடிமகளானால் இந்தியக் குடியுரிமை தானாகவே போய்விடும். பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு, வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கிற ஓ.சி.ஐ. கார்டு எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு இங்கே வந்து போக விசா வேண்டாம், ஆனால் ஓட்டுரிமை கிடையாது. நீ பயப்படுவது இதற்குத்தான் என்று நினைக்கிறேன். உன் தாத்தா பிறந்தபோது அவர் திருவிதாங்கூர் மகாராஜாவின் பிரஜை. அப்புறம் திருவிதாங்கூர்-கொச்சி. 1956 நவம்பர் 1-ம் தேதி விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை நான்கு தாலுகாவும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதற்காக இந்த மண்ணில் ஆட்கள் போராடி, சுடப்பட்டுச் செத்திருக்கிறார்கள், அதை நான் லேசாகச் சொல்லவில்லை. ஆனால் தாத்தா தன் வீட்டு முற்றத்தை விட்டு ஒரு அடி நகராமலே இத்தனையும் மாறியது. அவர் பேச்சோ, தோட்டமோ, வயலோ மாறவில்லை. காகிதத்தை மாற்றினால் நீ எங்கள் மகள் இல்லாமல் ஆகிவிடுவாயா? அவசரம் இல்லை, யோசித்துச் செய். செய்தால் முழு மனதோடு செய், அழுதுகொண்டு செய்யாதே. குடிமகள் ஆகும்வரை அங்கே ஓட்டுப்போட முடியாது. ஆன பிறகோ போடாவிட்டால் அபராதம்.

குடியுரிமை வேண்டாம் என்று நினைத்தாலும் ஒன்றைக் கவனி. இந்த பி.ஆர். விசாவில் போய்வர ஐந்து வருஷம்தான் அனுமதி. அதற்குப் பிறகு அங்கேயே இருப்பதற்குத் தடை இல்லை, வெளியே வந்து திரும்பிப் போக ரெசிடென்ட் ரிட்டர்ன் விசா எடுக்க வேண்டும். முந்தின ஐந்து வருஷத்தில் இரண்டு வருஷம் அங்கே இருந்திருந்தால் அது சிரமம் இல்லாமல் கிடைக்கும். தேதியைக் காலண்டரில் குறித்து வை.

இனி பிறக்கப் போகிற பிள்ளை. இதை எழுதும்போதே எனக்குக் கை நிற்கவில்லை. 1986 ஆகஸ்ட் 20-க்குப் பிறகு அந்த மண்ணில் பிறக்கிற பிள்ளைக்குத் தாயோ தகப்பனோ பி.ஆர். ஆக இருந்தால் பிறந்த நொடியே குடியுரிமை உண்டாம். மூன்று மாதத்துக்கு முன்னால் பிறந்திருந்தால் அது இல்லை. கர்த்தர் நேரம் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார். இந்தியக் குடியுரிமையே வேண்டும் என்று நினைத்தால் ஒரு வருஷத்துக்குள் தூதரகத்தில் பதிய வேண்டும், வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்று எழுதிக்கொடுக்க வேண்டும். என்னைக் கேட்டால் பிள்ளைக்கு அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டை எடுத்துவிட்டு ஓ.சி.ஐ. வாங்கு. என் பேரப்பிள்ளை எந்த கபீலின் கையெழுத்துக்கும் காத்து நிற்க வேண்டாம். தமிழ் மட்டும் வீட்டில் பேசுங்கள். அருமனைத் தமிழ் போதும், டி.வி. தமிழ் வேண்டாம்.

எங்களை அங்கே நிரந்தரமாகக் கூப்பிடும் பேச்சை விட்டுவிடு. பிள்ளைகளில் பாதிப் பேராவது அங்கே நிலையாக இருந்தால் பெற்றோர் விசா கேட்கலாம். நீங்கள் இரண்டு பேர், ஒருத்தி அங்கே, அந்தக் கணக்கில் நாம் தப்பிவிடுவோம். ஆனால் சாதாரண வரிசையில் நின்றால் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகும் என்று அந்த அரசாங்கமே சொல்கிறது. பணம் கட்டுகிற வரிசையில் தலைக்கு நாற்பதாயிரம் டாலருக்கு மேல், அதற்கும் பல வருஷக் காத்திருப்பு. அந்தப் பணம் உன் வீட்டின் முன்பணம். மேலும் எனக்கு விடிகாலையில் ரப்பர் பால் வெட்டப் போக வேண்டும், சாயங்காலம் சந்தையில் நாலு பேரைப் பார்க்க வேண்டும். அங்கே ஜன்னலோரம் உட்கார்ந்து பனியைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது. விசிட்டர் விசாவில் வந்து பார்த்துப் போகிறோம், அது போதும். உன்னைப் பார்க்காமல் இருப்பது கஷ்டம்தான். அம்மா இரவில் உன் பழைய யூனிஃபார்மை எடுத்து மடித்து மடித்து வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கஷ்டம் எங்களுடையது, நாங்கள் தாங்கிக்கொள்வோம். அதை உன் விசாவோடு சேர்த்து முடிச்சுப் போடாதே.

விளையில் உனக்கும் அண்ணனுக்கும் சமபங்கு என்று எழுதி வைக்கப் போகிறேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்கே விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது, ஆனால் வாரிசாக வருவதை வைத்துக்கொள்ளலாம். நீ அந்த நாட்டுக் குடிமகளானாலும் ஓ.சி.ஐ. இருந்தால் இது பொருந்தும். விற்பதானால் இங்கே இருக்கிற இந்தியருக்குத்தான் விற்க வேண்டும். அண்ணனுக்கு முழு சம்மதம், அவனே உனக்குச் சொல்வான். மார்த்தாண்டத்தில் உன் பெயரில் உள்ள சேமிப்புக் கணக்கை இன்னும் பழையபடியே வைத்திருக்கிறாய், அதை வெளிநாட்டில் இருக்கிற இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். பேங்கில் கேட்டு ஃபாரம் வாங்கி வைத்திருக்கிறேன். ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன், கையெழுத்துப் போட்டு அனுப்பு.

பேறு பார்க்க அம்மா வருகிறாள், அது முடிவு. பேறுகால மருந்துப் பொடிக்கும், சுக்குக்கும், நல்லமிளகுக்கும் இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள். அங்கே ஏர்போர்ட்டில் சாப்பாட்டுச் சாமான்களைக் கடுமையாகப் பார்ப்பார்களாமே, எதை விடுவார்கள், எதை விடமாட்டார்கள் என்று விசாரித்து எழுது. அவளுடைய விசாவுக்கு உன் அழைப்புக் கடிதம், சம்பளச் சீட்டு, இந்த பி.ஆர். கடிதத்தின் நகல் மூன்றையும் அண்ணனுக்கு இந்த வாரமே அனுப்பிவிடு. திருவனந்தபுரத்திலிருந்து சிங்கப்பூர் வழியாக டிக்கெட் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மெல்பர்னில் மருமகன் வந்து கூட்டிப் போகட்டும், நீ அந்த மாசத்தில் கார் ஓட்ட வேண்டாம்.

அன்புடன்,
அப்பா