பனாமாவில் காப்பி மட்டும்தான் இருக்கிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் மத்திய அமெரிக்காவிலுள்ள பனாமா நாட்டில் விளையும் கெய்ஷா என்ற காப்பி ரகத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். 2004-ல் போக்கேட்டே மலையில் பீட்டர்சன் குடும்பத்துத் தோட்டக் காப்பி ஏலத்தில் பவுண்டு 21 டாலருக்குப் போனது, அதற்கப்புறம் விலை எப்படி ஏறியது என்றெல்லாம் விவரமாகவே இருந்தது. தாண்டிக்குடிப் பக்கம் இப்போது டீக்கடையில் உட்கார்ந்தால் அந்தக் கன்று எங்கே கிடைக்கும் என்பதுதான் பேச்சு. பேசட்டும், நல்ல விலை யாருக்குக் கசக்கும். ஆனால் அந்த ஜனங்கள் தினமும் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை, நம்மைப் போன்ற மலைக்காரர்கள் கவனிக்க வேண்டியது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

என் தம்பி சரக்குக் கப்பலில் சமையல்காரன். பனாமாவின் கோலோன் துறைமுகத்தில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டு, "அக்கா, நம்ம தோட்டத்துல விளையறதைத்தான் இங்க சமைக்கிறாங்க" என்று போனில் சொன்னான். கேட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டேன். வாழைக்காய், மரவள்ளி, வள்ளிக்கிழங்கு, சேம்பு, மக்காச்சோளம், துவரை, இவைதான் அங்கே சமையலுக்கு அடிப்படை.

சான்கோச்சோ என்று ஒரு கோழிச்சாறு, நாட்டுக்கே பொதுவான சாப்பாடு என்றால் அதுதான். முற்றின நாட்டுக்கோழியை வள்ளிக்கிழங்கோடு போட்டு நிதானமாகக் கொதிக்கவிடுகிறார்கள். அரைத்துவிடும் மசாலா எதுவும் கிடையாது, கிழங்கு பாதி கரைந்து சாறைக் கெட்டியாக்கிவிடும். வாசத்துக்கு குலாந்த்ரோ இலை, நீளமாக, விளிம்பெல்லாம் ரம்பம் போல இருக்கும், கேரளத்தில் ஆப்பிரிக்க மல்லி என்று வீட்டோரம் வளர்க்கிறார்களே அதே செடி. உடம்பு முடியாதவர்களுக்கும் அந்தச் சாறுதான், வெயில் கொளுத்தும் மத்தியானத்திலும் ஆவி பறக்க அதைத்தான் குடிக்கிறார்கள்.

அப்புறம் பட்டாக்கோன். பச்சை வாழைக்காயைக் கட்டைவிரல் தடிமனுக்கு வெட்டி எண்ணெயில் போட்டு, வெந்ததும் சிவக்கும் முன்பே எடுத்து, சூட்டோடு தட்டையாக அமுக்கி மறுபடி பொரித்து உப்புத் தூவுவது. நானும் நேந்திரங்காயில் செய்தேன், வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மெத்தென்று மாவு. சிப்ஸைவிட எண்ணெய் குறைவாகத்தான் குடிக்கிறது, ஒன்று தின்றாலே வயிறு நிறைகிறது.

எனக்கு மனசைத் தொட்டது துவரைச் சோறு. டிசம்பரில் பச்சைத் துவரை வரும்போது தேங்காய்ப்பாலில் அரிசியும் துவரையும் சேர்த்து வேகவைக்கிறார்கள், கிறிஸ்துமஸ் அன்று அது இல்லாத வீடு இருக்காது. துவரை நம் மண்ணின் பயிர். இங்கிருந்து ஆப்பிரிக்கா போய், அங்கிருந்து கரீபியத் தீவுகளுக்குப் போனது. 1904 முதல் 1914 வரை அமெரிக்கர்கள் பனாமா கால்வாய் வெட்டியபோது பார்படாஸ் போன்ற தீவுகளிலிருந்து ஆயிரக்கணக்கில் போன கூலித் தொழிலாளர்கள் தேங்காய்ப்பால் சமையலையும் கூடவே கொண்டுபோனார்கள். புளிச்சை இனத்துச் சிவப்புப் பூவை இஞ்சியோடு கொதிக்கவைத்துக் குடிக்கும் சாரில் பானமும் அவர்கள் வழி வந்ததுதான். லா சொரேரா என்ற ஊர் பேர்பெற்றதே சிச்செமேயால்தான், உடைத்த சோளத்தை வேகவைத்துப் பால், சர்க்கரை, பட்டை சேர்த்துக் குளிரவைத்த பானம், அந்த வழியாகப் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி வாங்கிக் குடிக்கிறார்கள்.

இப்போது நம் மலைக்கு வாருங்கள். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் வரை எத்தனை கடை, எல்லாவற்றிலும் ஃபிரைடு ரைஸ், காலிஃபிளவர் மஞ்சூரியன், நூடுல்ஸ். அவித்த மரவள்ளியும் காந்தாரி மிளகாய்த் துவையலும் கேட்டுப்பாருங்கள், கிடைக்காது. சௌசௌ லாரி லாரியாகக் கீழே போகிறது, அதில் ஒரு கூட்டு வைத்துத்தர மேலே ஒரு கடை இல்லை. பழனி பஞ்சாமிர்தத்துக்கு ருசி கொடுத்த விருப்பாட்சி மலைவாழை ஒரு காலத்தில் முடிக்கொத்து நோயில் தோட்டம் தோட்டமாக அழிந்து, எப்படியோ தப்பி, 2008-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. ஆனால் சுற்றுலா வருகிறவர்களில் எத்தனை பேர் அதைத் தின்று பார்த்திருப்பார்கள்?

போன கோடை விழாவில் எங்கள் மகளிர் குழு இதையெல்லாம் விற்க ஒரு ஓரத்தில் இடம் கேட்டது. பஞ்சுமிட்டாய்க் கடைக்காரர் கட்டும் அதே வாடகையைக் கேட்டார்கள், எங்களால் முடியவில்லை. மலையில் விளைவதை மட்டும் சமைத்து விற்கும் உள்ளூர்ப் பெண்களுக்கு விழா நாட்களில் ஒரு வரிசை கடையாவது வாடகையில்லாமல் ஒதுக்கக் கூடாதா? பனாமாவில் ஃபோண்டா என்று சாலையோரச் சின்னச் சாப்பாட்டுக்கடைகள் இருக்கின்றன, வெளியூர்க்காரர்கள் தேடிப்போய்ச் சாப்பிடுவதே அங்கேதான். இங்கே அப்படி நான்கு கடை இருந்தால் விவசாயிக்கும் கிழங்குக்கு ஒரு விலை நிற்கும்.

கெய்ஷா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது மகசூல் குறைந்த ரகம், நல்ல உயரமும் குளிரும் கேட்கும், நட்டாலும் காய்க்க வருஷக்கணக்கில் ஆகும். மரவள்ளியும் வாழையும் இன்றைக்கே தோட்டத்தில் நிற்கின்றன. அடுத்த இணைப்பில் காப்பி விலைக்குக் கொடுத்த இடத்தில் பாதியையாவது இந்த மலைச் சாப்பாட்டுக்குக் கொடுங்கள், எழுதுவதற்கு ஆள் வேண்டுமானால் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
காப்பி, மிளகு பயிரிடும் ஒரு வாசகி,
தாண்டிக்குடி, பழனிமலை.