சுமோ சீட்டு மறைந்ததற்குச் செல்போன் காரணமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானியச் சிறுவர்களின் ‘மென்கோ’ சீட்டு விளையாட்டு அருகிவருவதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் பழியை மொத்தமாகச் செல்போன் தலையில் கட்டியதை ஏற்க முடியவில்லை. சிறுவர் கைக்குச் செல்போன் வருவதற்கு வெகுகாலம் முன்பே மென்கோ தெருவைவிட்டுப் போய்விட்டது.

தரையில் கிடக்கும் எதிராளியின் சீட்டுக்கு அருகே நம் சீட்டை ஓங்கி அடிக்க வேண்டும். அந்தக் காற்றில் அவன் சீட்டு புரண்டால் அது நமக்கு. எடை கூட்ட மெழுகு தேய்க்கும் தில்லுமுல்லும் உண்டு! எடோ காலத்தில் (1603–1868) மென்கோவைக் களிமண்ணிலும், அடுத்து வந்த மெய்ஜி காலத்தில் (1868–1912) ஈயத்திலும் செய்தார்கள். ஈயம் உடம்புக்கு ஆகாது என்றானதும் அட்டைக்கு மாறினார்கள். அட்டையில் படம் அச்சடிப்பது சுலபம். சுமோ மல்யுத்த வீரர்கள் சிறுவர்களின் பாக்கெட்டுக்குள் வந்தது அப்படித்தான். 1930களில் தொடர்ச்சியாக 69 முறை வென்ற ஃபுதபயாமா, 1961இல் 21 வயதிலேயே சுமோவின் உச்சப் பட்டமான யோகோசுனாவை எட்டிய தைஹோ போன்றவர்கள் அன்றைய பிள்ளைகளுக்குக் கதாநாயகர்கள். டோக்கியோவில் எங்கள் குடியிருப்பில் எழுபது தாண்டிய ஒருவர், தைஹோ சீட்டைப் பறிகொடுத்த வருத்தத்தை இன்றும் சொல்வார்.

1953இல் தொலைக்காட்சி வந்தபோது சுமோவுக்கு நல்ல காலம்தான். அப்புறம் அதே பெட்டி வேறு நாயகர்களையும் கொண்டுவந்தது. சீட்டுகளில் பேஸ்பால் ஆட்டக்காரர்களும் டிவி கார்ட்டூன் வீரர்களும் இடம்பிடித்தார்கள். நகரங்களில் பிள்ளைகள் கூடிய காலி மனைகளில் கட்டடங்கள் எழுந்தன. சீட்டைப் பிடுங்கிக்கொள்வது சூதாட்டம் என்று பள்ளிகள் தடை போட்டதும் உண்டு. 1983இல் ஃபேமிகாம் வீடியோ கேம், 1996இல் போகிமான் சீட்டு. இவ்வளவுக்கும் பிறகு செல்போனுக்கு மிச்சம் என்ன இருந்தது?

சுமோ சீட்டு இப்போதும் அச்சாகிறது. 1997 முதல் பிபிஎம் நிறுவனம் சேகரிப்பாளர்களுக்காக வெளியிடுகிறது. வாங்குகிறவர்கள் அதைப் பிளாஸ்டிக் உறையில் பத்திரப்படுத்துவார்கள்; தரையில் அடிக்க யாருக்கு மனசு வரும்?

மென்கோவைப் பள்ளியில் கற்றுக்கொடுத்தால் பிழைத்துவிடும் என்கிறார் கட்டுரையாளர். ஜப்பானில் அது ஏற்கெனவே நடக்கிறது. முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் ‘பழைய விளையாட்டுகள்’ என்றே பாடவேளை உண்டு. தாத்தா பாட்டிகளை வரவழைத்து பம்பரம், கெண்டாமா (கயிற்றில் கட்டிய பந்தை மரக் கிண்ணத்தில் பிடிக்கும் விளையாட்டு), மென்கோ என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் மணி அடித்ததும் சீட்டெல்லாம் ஆசிரியரின் பெட்டிக்குத் திரும்பிவிடும். தோற்றால் கையைவிட்டுப் போய்விடும் என்ற பயமில்லாத மென்கோவில் என்ன ருசி இருக்கும் என்று எனக்குப் புரியவில்லை.

சரி, ஒரு குறையும் உண்டு. ‘தொன்தொன் சுமோ’ பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. காகிதத்தில் இரண்டு வீரர்களை வெட்டி மடித்து, அட்டைப்பெட்டியின் மேல் எதிரெதிரே நிறுத்தி, ஓரத்தை விரலால் தட்டினால் மல்லுக்கட்டுவார்கள், விழுந்தவர் தோற்றார். காசு செலவில்லாத இந்த விளையாட்டை இங்கே குழந்தைகள் இன்றும் ஆடுகிறார்கள். செய்முறைப் படத்துடன் அடுத்த இதழில் வெளியிட்டால் நம் வீட்டுப் பிள்ளைகளும் செய்துபார்ப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
டோக்கியோ.