கத்தியை மட்டும் எடுக்காதே, தனம்

நாகப்பட்டினம்
ஐப்பசி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள தனம்,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. பேத்திக்கு ஆண்டு நிறைவு நல்லபடியாக முடிந்ததைப் படித்து மனசு குளிர்ந்துவிட்டது. அண்ணனுக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்ததுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய சேதி. இங்கே நாலு நாளாக மழை விடவில்லை. துவைத்த துணியெல்லாம் கூடத்தில் கொடி கட்டித் தொங்குகிறது. இவருக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை.

ஃப்ரீசரில் பனி ஏறிக் கதவே மூடவில்லை, கத்தியால் கொத்தி எடுக்கப்போகிறேன் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும்தான் உனக்குப் போன் செய்தேன். கத்தியைத் தொடாதே என்று மட்டும் அப்போது சொன்னேன். மீதியை எழுதுகிறேன், பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்.

போன வருஷம் இதே மழைக்காலத்தில் நானும் கத்தியைத்தான் எடுத்தேன். ஒரு பால் பாக்கெட் பனியோடு ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது. முனையை உள்ளே விட்டு நெம்பினேன். 'உஸ்' என்று ஒரு சத்தம், சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி. அவ்வளவுதான். மறுநாள் கம்ப்ரசர் ஓடுகிறது, உள்ளே ஜில்லென்று ஒன்றும் இல்லை. மெக்கானிக் வந்து காட்டினார்: ஃப்ரீசரின் சுவரே மெல்லிய அலுமினியத் தகடு, அதற்குள்தான் கேஸ் ஓடுகிற குழாய். ஓட்டையை அடைத்துக் கேஸ் அடிக்க 3,200 ரூபாய் ஆனது. பின்பக்கம் ஒட்டியிருந்த ஸ்டிக்கரையும் காட்டினார். ஆர்600ஏ என்று இருந்தது. அது ஐசோபியூட்டேன், நம் சமையல் கேஸுக்குச் சொந்தக்காரன், தீப்பற்றக்கூடியது. அப்படிச் சத்தம் கேட்டால் அடுப்பைப் பற்றவைக்காமல், ஸ்விட்சைத் தொடாமல், ஜன்னல்களைத் திறந்துவிட வேண்டுமாம். எனக்கு அன்றைக்கு இது தெரியாது. நினைத்தால் இப்போதும் பகீரென்கிறது.

சரி, நீ செய்ய வேண்டியது இதுதான். காலையிலேயே பிளக்கைப் பிடுங்கிவிடு. உங்கள் வீட்டிலும் சிங்கிள் டோர்தானே? குளிரைக் கூட்டிக் குறைக்கிற தெர்மோஸ்டாட் குமிழின் நடுவில் டிஃப்ராஸ்ட் பொத்தான் இருக்கும். பனி லேசாக இருந்தால் அதை அழுத்தினாலே போதும், கரைந்த பிறகு தானே மறுபடி ஓட ஆரம்பித்துவிடும். உனக்குக் கதவே மூடாத அளவுக்கு ஏறியிருப்பதால் பொத்தானை நம்பாதே. கதவைத் திறந்துவை. பழைய துணியை மடித்து ஃப்ரீசருக்குள் போட்டு, அதன்மேல் ஒரு பாத்திரத்தில் சுடுதண்ணீர் வை. ஆறியதும் மாற்று. மூன்றாவது தடவை மாற்றும்போது பார், பனிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கோடு மாதிரி தண்ணீர் ஓடும். கொஞ்ச நேரத்தில் பலகை பலகையாகக் கையோடு வந்துவிடும். வராததை இழுக்காதே, காத்திரு. ஃப்ரீசருக்கு அடியில் தண்ணீர் விழுகிற தட்டு சீக்கிரம் நிரம்பிவிடும், அடிக்கடி கொட்டு. கடைசியில் காய்ந்த துணியால் ஈரம் போகத் துடைத்துவிட்டு, பிளக்கைப் போட்டு, நன்றாகக் குளிர்ந்த பிறகு சாமான்களை வை.

அண்ணனின் இன்சுலினை மறக்காதே. ஃப்ரிட்ஜை அணைக்கிற அன்றைக்குப் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் கொடுத்துவை, ஃப்ரீசரில் வேண்டாம். பிரிக்காத மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறைந்துபோனால் அப்புறம் உருகினாலும் போடக் கூடாது. பனி ஏறிய ஃப்ரிட்ஜில் ஃப்ரீசருக்கு நேர் கீழே இருக்கிற தட்டும் சில சமயம் உறைகிற அளவுக்குப் போய்விடும். இப்போது அங்கே வைத்திருந்தால் இன்றைக்கே நடுத்தட்டுக்கு மாற்று.

இதெல்லாம் பனியை எடுக்கிற வழி. அது ஏன் வந்தது என்று பார்க்காவிட்டால் ஒரு மாதத்தில் திரும்ப வந்துவிடும். குளிர்ந்த தண்ணீர்ச் சொம்பின் வெளிப்பக்கம் வேர்க்குமே, அதே கதைதான். வெளியே இருக்கிற ஈரக்காற்று உள்ளே போய், இருப்பதிலேயே குளிர்ந்த இடத்தில் படிந்து உறைகிறது. அந்தப் பனி கம்பளி மாதிரி. சுவரின் குளிரைச் சாமானுக்கு வரவிடாது, கம்ப்ரசர் ஓயாமல் ஓடும், உன் கரண்ட் பில் ஏறியதற்கும் அதுதான் காரணமாக இருக்கும். ஆகவே காற்று எங்கே நுழைகிறது என்று தேடு.

நான் பத்து ரூபாய் நோட்டை வைத்துத் தேடினேன். பாதி வெளியே இருக்கும்படி வைத்துக் கதவை மூடி இழுக்க வேண்டும். மூன்று பக்கமும் பிடித்துக்கொண்டது. வலது கீழ் மூலையில் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தது. குனிந்து ரப்பரின் மடிப்பை விரித்துப் பார்த்தால், காய்ந்த இட்லி மாவு சுண்ணாம்பு மாதிரி இறுகியிருக்கிறது, அதில் ஒரு கொத்தமல்லிக் காம்பு, செத்த எறும்பு இரண்டு. அந்த ஒரு விரற்கடை இடைவெளி வழியாகத்தான் நாகப்பட்டினத்துக் கடல்காற்று மாசக்கணக்கில் உள்ளே போயிருக்கிறது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். நசுங்கியிருந்த ரப்பர்மேல் சுடுதண்ணீரில் நனைத்த துணியை ஒத்தி ஒத்தி எடுத்ததும் புடைத்துக்கொண்டது. இப்போது நோட்டு வரவில்லை. உனக்கு ரப்பர் கிழிந்திருந்தால் ரப்பரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பையன் சொல்கிறான் என்று புது ஃப்ரிட்ஜ் வாங்கிவிடாதே.

உள்ளே இருக்கிற சின்ன ஃப்ரீசர் மூடியையும் பார். அதன் கீல் உடைந்து தொங்கினால் பெரிய கதவைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் ஈரக்காற்று நேராக உள்ளே போகும். ரசத்தை ஆறாமல், மூடாமல் உள்ளே வைக்கிற பழக்கத்தையும் விட்டுவிடு. பனி அரை செண்டிமீட்டர் ஏறினாலே கரைத்துவிடு, மூடாத வரைக்கும் விடாதே.

உன் மகள் வீட்டில் டபுள் டோர் என்றாயே, அதில் பனி பிடித்தால் கணக்கு வேறு. அதுவே நாளில் சில தடவை ஹீட்டர் போட்டுக் கரைத்துக்கொள்ள வேண்டியது. அதில் பனி ஏறினால் ஹீட்டரோ டைமரோ போயிருக்கலாம், தண்ணீர் இறங்கும் துளை அடைத்திருக்கலாம், இல்லை கதவு ரப்பராகவும் இருக்கலாம். நோட்டு வைத்துப் பார்த்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடச் சொல்.

இன்னொன்று. கரைகிற தண்ணீர் பின்பக்கம் கம்ப்ரசர் மேலே ஒரு தட்டில் விழும். வாரம் ஒரு தடவை அதைக் கொட்டிக் கழுவு. டெங்கு கொசு முட்டையிடுவது அந்த மாதிரித் தேங்கிய தண்ணீரில்தான். நகராட்சி ஆட்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் அந்தத் தட்டைத்தான் பார்க்கிறார்கள். பேத்தி தவழ்கிற வீடு, பத்திரம்.

ஞாயிற்றுக்கிழமை செய்துவிட்டு, நோட்டு எந்த மூலையில் வழுக்குகிறது என்று எனக்குப் போன் பண்ணு. அண்ணனை விசாரித்ததாகச் சொல். தை பிறந்ததும் இருவரும் வாருங்கள், மழையும் நின்றிருக்கும், நல்ல வஞ்சிர மீன் கிடைக்கும்.

உன்
கல்யாணி