சிவப்பில் எழுதும் முன் வாலையும் படியுங்கள்

சர்வர்களை ஸ்கேன் செய்து தணிக்கை ரிப்போர்ட் எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். போன முறை நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் எங்கள் நாற்பது சர்வர்களுக்கும் ஒரே சிவப்பு வரி: "ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 9.2பி1. சிவிஇ-2024-6387 பாதிப்பு உள்ளது. உடனே 9.8பி1-க்கு மாற்றவும்." (ஓப்பன்எஸ்எஸ்ஹெச் என்பது தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் மென்பொருள்; சிவிஇ என்பது வெளியே தெரிந்த பாதுகாப்பு ஓட்டைக்குத் தரும் பதிவு எண்.) நானும் கூட வேலை பார்ப்பவரும் இரண்டு நாள் உட்கார்ந்து நாற்பதுக்கும் பதில் எழுதினோம். நாற்பதிலும் அந்த ஓட்டை எப்போதோ அடைபட்டிருந்தது. கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். கோபம் போன வாரமே தீர்ந்துவிட்டது.

எஸ்எஸ்ஹெச்சுக்கு வழக்கமான வாசலான 22-ஆம் போர்ட்டில் இணைப்பு கிடைத்ததும் எங்கள் சர்வர் தன்னை அறிமுகப்படுத்தி ஒரு வரி சொல்லும், அதுதான் பேனர். எஸ்எஸ்ஹெச் நெறிமுறையே அதைக் கட்டாயமாக்கியிருப்பதால், சொல்லாமல் இருக்க முடியாது. அந்த வரி முழுதாக இப்படி இருக்கும்: எஸ்எஸ்ஹெச்-2.0-ஓப்பன்எஸ்எஸ்ஹெச்_9.2பி1 டெபியன்-2+டெப்12யு3. உங்கள் ரிப்போர்ட்டில் 9.2பி1 வரைதான் வந்திருக்கிறது, வால் வெட்டுப்பட்டுவிட்டது. ஆனால் சேதியே வாலில்தான் இருக்கிறது.

2024 ஜூலை 1 அன்று இந்த ஓட்டை வெளியே வந்தபோது, மூல ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சில் 8.5பி1 முதல் 9.7பி1 வரை பாதிப்பு இருந்தது, 9.8பி1-இல் சரிசெய்தார்கள். எங்கள் சர்வர்களில் ஓடும் லினக்ஸ் விநியோகமான டெபியன் 12 அந்த 9.8-க்குத் தாவவில்லை. பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் எடுத்துத் தன் 9.2-இல் தைத்து, பேக்கேஜ் எண்ணின் கடைசியில் யு3 என்று போட்டது. யு2 என்றிருந்தால் உங்கள் சிவப்பு நியாயம். யு3 என்றால் வேலை முடிந்தது. நிலையான வெளியீடுகளை வைத்திருக்கும் லினக்ஸ் விநியோகங்கள் காலங்காலமாக இப்படித்தான் பேட்ச் போடுகின்றன. முன்பக்க எண்ணை வைத்து ஓட்டையைக் கணிப்பது, வீட்டுக் கதவில் எழுதிய வருடத்தைப் பார்த்துவிட்டுப் பூட்டு பழையது என்று சொல்வது போலத்தான்.

ரெட்ஹேட் 9 என்ற இன்னொரு லினக்ஸ் விநியோகத்தில் சங்கடம் இன்னும் கூடுதல். அங்கே பேனர் ஓப்பன்எஸ்எஸ்ஹெச்_8.7 என்று மட்டும் சொல்லும், வாலே கிடையாது. பேட்ச் போடும் முன்னும் அதே வரி, போட்ட பின்னும் அதே வரி. வெளியில் நின்று எத்தனை தடவை தட்டினாலும் வித்தியாசம் தெரியாது. உள்ளே போய், பேக்கேஜ்களை நிர்வகிக்கும் ஆர்பிஎம் கருவியிடம் அந்தப் பேக்கேஜின் மாற்றப் பதிவைக் கேட்டால் அரை நிமிடத்தில் சிவிஇ எண்ணோடு பதில் வரும்.

பேனரைத் தூக்கி எறியுங்கள் என்று சொல்ல வரவில்லை. ஒரு தடவை நானே தோற்றிருக்கிறேன். கையால் போட்டிருந்த ஒரு வெப் சர்வருக்குப் புது வெர்ஷன் ஏற்றிவிட்டு, அதை மறுதொடக்கம் செய்ய மறந்துவிட்டேன். வட்டில் புதுசு, நினைவகத்தில் ஓடியதோ பழசு. ஸ்கேன் பழைய எண்ணைக் காட்டியது. நான் ஒரு மணி நேரம் "உங்கள் கருவி தப்பு" என்று வாதாடினேன். கருவி சரியாகத்தான் சொல்லியிருந்தது. அப்புறம் இன்னொன்று: எங்களில் சிலர் பேனரில் எண்ணை மறைத்துவிட்டுப் பாதுகாப்பு முடிந்தது என்று உட்கார்ந்துவிடுகிறோம். அது எங்கள் பக்கத்துத் தப்பு.

இதைவிட எனக்கு உறுத்தியது உங்கள் ரிப்போர்ட்டின் 31-ஆம் பக்கம்தான். போர்ட்டுகளை ஸ்கேன் செய்யும் கருவியான என்மேப் 2003-இல் வெர்ஷன் கண்டறியும் வசதியைச் சேர்த்ததிலிருந்து முறை பெரிதாக மாறவில்லை. இணைத்ததும் ஆறு நொடி வரை பேசாமல் காத்திருந்து, எதிர்முனை தானாக எதையாவது சொல்கிறதா என்று பார்க்கும். சொல்லாவிட்டால் ஒவ்வொரு கேள்வியாக அனுப்பி, வந்த பதிலைத் தன்னிடம் இருக்கும் வடிவங்களோடு ஒப்பிடும். எதனோடும் பொருந்தாவிட்டால், அந்தப் போர்ட் எண்ணுக்கு வழக்கமாகச் சொல்லும் பெயரைப் போட்டுப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வைக்கும். பெயரும் இல்லையென்றால் "தெரியாதது" என்று எழுதிவிடும். 31-ஆம் பக்கத்தில் ஒரு உயர் எண் போர்ட்டுக்கு எதிரே அப்படி ஒரு கேள்விக்குறி இருந்தது. "தகவலுக்கு மட்டும்" என்று பச்சையில் போட்டிருந்தீர்கள். உள்ளே போய் எந்த ப்ராசஸ் அந்தப் போர்ட்டில் உட்கார்ந்திருக்கிறது என்று ஒரே கட்டளையில் பார்த்தோம். எங்கள் ஆட்களே சோதனைக்கு எழுதி, ஓட்டிவிட்டு மறந்துபோன நிரல். கடவுச்சொல் கேட்காமல் கட்டளைகளை வாங்கிக்கொண்டிருந்தது. உலகத்தில் வேறெங்கும் இல்லாத மென்பொருள், எந்தக் கருவியிடமும் அதற்கு வடிவம் இருக்காது. நாற்பது சிவப்பு வரிகளுக்குப் பதில் எழுதி ஓய்ந்த பிறகுதான் அந்தப் பச்சை வரிக்கே வந்தோம்.

ஆகவே நான் கேட்பது பெரிய விஷயமில்லை. பேனரை எழுத்துக்கு எழுத்து முழுதாக ரிப்போர்ட்டில் வையுங்கள். வெளியிலிருந்து பார்த்ததை "சந்தேகம்" என்றும், பேக்கேஜைப் பார்த்து உறுதிசெய்ததை "ஓட்டை" என்றும் தனித்தனியாக எழுதுங்கள். கேள்விக்குறி போட்ட வரிகளை முதல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். படிக்க மட்டும் உரிமையுள்ள ஒரு லாகின் தரச் சொல்லி எங்கள் மேலாளரிடம் நானே பேசி ஒப்புதல் வாங்கிவிட்டேன்.

அப்புறம் அந்தப் பிரிண்டர். 9100 முதல் 9107 வரையான போர்ட்டுகளுக்கு வந்ததையெல்லாம் பல பிரிண்டர்கள் அப்படியே அச்சடித்துத் தள்ளும். அதனால்தான் என்மேப் வெர்ஷன் சோதனையில் அவற்றைத் தானாகவே விட்டுவிடுகிறது. நீங்கள் அந்த விலக்கை நீக்கிவிட்டு ஓட்டினீர்கள் போலிருக்கிறது. மறுநாள் காலை தட்டு நிறையத் தாள், ஒரு தாளில் "கெட் / ஹெச்டிடிபி/1.0" என்ற ஒரே வரி. கணக்குப் பிரிவில் இருப்பவர் அதை எடுத்துக்கொண்டு வந்து "இது யாருக்கு வந்த கடிதம்?" என்று என்னிடம் கேட்டார்.

அடுத்த ஸ்கேனுக்குத் தேதி சொல்லுங்கள். லாகின் முந்தின நாளே தயாராக இருக்கும். பிரிண்டரை அன்றைக்கு அணைத்து வைத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒருவன்