விருப்ப மனுக்கள் தொகுதியிலேயே பரிசீலிக்கப்படட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சட்டமன்றத் தேர்தல் நெருங்கினால் போதும், வள்ளியூரிலிருந்து பணகுடி வரை சாலையோரச் சுவர்களைக் கட்சிக்காரர்கள் பிடித்து, வெள்ளையடித்து, சின்னத்தையும் வரைந்துவிட்டு, வேட்பாளர் பெயருக்கு மட்டும் இடம் விட்டுவைக்கிறார்கள். அந்தப் பெயர் சென்னையிலிருந்து அறிவிக்கப்படும் வரை, சுவரைப் பிடித்த கிளைச் செயலாளருக்கே அது யாரென்று தெரியாது.

அமெரிக்காவில் மாநிலச் சட்டமன்றங்களுக்குப் போட்டியிடுவோரில் பெரும்பாலோர், பொதுத்தேர்தலுக்கு முன்பாகவே தத்தம் கட்சிக்குள் நடக்கும் முதனிலைத் தேர்தலில் நின்று, அந்தத் தொகுதி வாக்காளர்களிடமே வேட்பாளர் என்ற தகுதியைப் பெற்றாக வேண்டும். விஸ்கான்சின் மாநிலம் 1903-இலேயே இதற்குச் சட்டம் இயற்றியது. பென்சில்வேனியாவில் அந்தந்தக் கட்சியினராகப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டுமே இதில் வாக்குரிமை உண்டு. கலிபோர்னியாவிலோ 2012 முதல் எல்லாக் கட்சியினரும் ஒரே வாக்குச்சீட்டில் போட்டியிட, முதல் இரண்டு இடம் பெறுவோர் பொதுத்தேர்தலுக்குச் செல்கிறார்கள். பதவியில் இருக்கும் உறுப்பினரே சொந்தக் கட்சிக்காரரிடம் தோற்று வீடு திரும்புவதும் உண்டு.

அங்கும் குறைகள் இல்லாமலில்லை. முதனிலைத் தேர்தலில் வாக்களிக்க வருவோர் குறைவு. பணம் அங்கேயும் பேசுகிறது. கூட்டணிப் பங்கீட்டில் தொகுதிகள் கடைசி நாள் வரை கைமாறும் நம் ஊருக்கு அதை அப்படியே பெயர்த்துக் கொண்டுவரவும் முடியாது. 2014 மக்களவைத் தேர்தலின்போது காங்கிரஸ் கட்சி சில தொகுதிகளில் இதைச் சோதித்துப் பார்த்தது. வதோதராவில் நரேந்திர மோடி போட்டியிடுவதாக அறிவிக்கப்பட்டதும், உட்கட்சி வாக்கெடுப்பில் தேர்வானவர் விலகிக்கொள்ள, வேறொருவர் நிறுத்தப்பட்டார்.

ஆயினும், போட்டியிட விரும்புவோர் கட்சித் தலைமையிடம் தரும் விருப்ப மனு, கட்டணம், சென்னையில் சில நிமிட நேர்காணல் என்ற இன்றைய முறையைவிட மேலான ஒன்று நமக்கு இயலாததல்ல. குற்ற வழக்கு உள்ளவரை நிறுத்தினால், அவரை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்பதைக் கட்சிகள் வெளியிட வேண்டும் என்றும், வெற்றி வாய்ப்பு ஒன்றே அதற்குக் காரணமாகாது என்றும் உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் உத்தரவிட்டது. இந்தக் கடமையை எல்லா வேட்பாளர்களுக்கும் கட்சிகள் தாமாகவே விரிவுபடுத்தினால் என்ன? ராதாபுரம் தொகுதியின் முடிவு 2016-இல் வெறும் 49 வாக்குகள் வித்தியாசத்தில் அறிவிக்கப்பட்டு, நீதிமன்றம் வரை சென்றது. அவ்வளவு நுணுக்கமாக எண்ணப்படும் வாக்குக்கு உரியவர்கள், யார் யாருக்கிடையே தேர்ந்தெடுப்பது என்ற முந்தைய கட்டத்தில் கருத்துக்கூடக் கேட்கப்படுவதில்லை.

எனவே, மனு கொடுத்தோர் பட்டியலைக் கட்சிகள் வெளியிட்டு, அவர்களைத் தொகுதியிலேயே ஒரே மேடையில் ஏற்ற வேண்டும். மணிமுத்தாறு பிரதான கால்வாயின் 3, 4-ஆவது ரீச்சுகளின் (பாசனப் பகுதிகளின்) கடைமடைக்குத் தண்ணீர் வர என்ன செய்வீர்கள் என்று திசையன்விளைப் பக்கத்து விவசாயியும், கூலி உயர்வு பற்றி முக்கூடல் பீடித் தொழிலாளியும் அவர்களிடம் நேரில் கேட்கட்டும். அதன்பின் உறுப்பினர் அட்டை வைத்திருப்போர் ரகசியமாக வாக்களிக்கலாம். தொகுதி கூட்டணிக்குப் போனால், அதைப் பெறும் கட்சியும் தன் உறுப்பினர்களிடம் இதையே செய்யலாம்.

அதுவரை, திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், நாங்குநேரி, ராதாபுரம் ஆகிய ஐந்து தொகுதிகளுக்கும் விருப்ப மனு அளிப்போரின் பெயர், ஊர், கட்சிப் பணி ஆகியவற்றைத் தங்கள் நாளிதழ் திரட்டி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வள்ளியூர்.